கோபம் மட்டும் ஏறும் கம்பி

சுண்ணாம்புக்காரத் தெருவில் இருந்த நாற்பத்திரண்டு டெலிபோன்களும் கோபத்தில் சொன்ன சொல்லை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பது, மற்ற எல்லாச் சொல்லையும் வழியிலேயே விழுங்கிவிடுவது என்று ஆகிப்போனது ஒரு ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அடைமழை விட்ட மூன்றாம் நாள், காலை ஒன்பதரை மணி வாக்கில். தெருமுனையில் நின்ற கேபிள் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் புகுந்ததுதான் காரணம் என்றார்கள் சிலர். பதினோரு நாளாக வராத குடிதண்ணீர் லாரிக்காக அந்தப் பெட்டியில் சாய்ந்து நின்று பெண்கள் விட்ட சாபம் உள்ளே இறங்கிவிட்டது என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் யாரும் அதிக நாள் பேசிக்கொண்டிருக்கவில்லை. காரணம் தெரிந்தவன் வீட்டிலும் தெரியாதவன் வீட்டிலும் கேஸ் சிலிண்டர் ஒரே மாதிரித்தான் தீர்ந்தது, இருவரும் ஒரே மாதிரித்தான் கோபப்பட்டு அதைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

அந்தத் தெரு கரம்பையூர்ப் பாறைக்குப் பின்பக்கம் கிடந்தது. செல்போன் கோபுரத்தின் சிக்னல் பாறையை ஏறி இறங்கி வராது, ஒரு வார்த்தை பேச பஸ் ஸ்டாண்டுவரை நடக்க வேண்டும், ஆகவே ஊரெல்லாம் வயர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகும் இந்த ஒரு தெரு மட்டும் அதைக் கைவிடாமல் இருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தவர் கேபிள் பெட்டியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்து, டோன் இருக்கிறது, லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி, நாற்பது தடவை ஹலோ சொன்னார். ஒரு ஹலோவும் எந்த வீட்டிலும் கேட்கவில்லை. கடைசியில் தனக்கு வந்திருந்த மாறுதல் உத்தரவை நினைத்துக்கொண்டு அவர் "என்ன எளவு பொழப்புடா இது" என்று முணுமுணுத்தார். அது மட்டும் எதிர்வீட்டு ரிசீவரில் வெண்கல மணி போலக் கேட்டது. நோட்டில் 'பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

தெரு பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்வது? அடுப்பில் பாலை வைத்துப் பக்கத்தில் நிற்பதுபோல, டயல் செய்வதற்கு முன்னால் கோபத்தை வைத்துப் பொங்கும்வரை பக்கத்தில் நின்றார்கள். சிலர் அதற்காகவே பெண்டாட்டியிடம் ஒரு சண்டையைத் தொடங்கி, சூடு ஆறுவதற்குள் ஓடிப்போய் எண்ணைச் சுழற்றினார்கள். மஸ்கட்டிலிருந்து மகன் பேசினால் ஆறுமுகத்தாய் முதலில் அவனைத் திட்டினாள். ஐந்து வருஷமாக ஊர்ப்பக்கம் வராதவனைத் திட்டக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை, அவனுக்கும் அம்மாவின் குரலைக் கேட்க அது ஒன்றுதான் வழி என்று புரிந்தபோது இன்னும் இரண்டு திட்டு கேட்டு வாங்கினான். கல்யாணத் தரகர்கள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எழவு வீட்டுக்கு வந்த துக்க விசாரிப்புகளில், செத்தவரைச் சாகவிட்ட டாக்டர்மேலும் சாமிமேலும் ஆத்திரப்பட்டவர்களின் குரல் மட்டும் வந்தது, மற்றவர்களுடைய துக்கம் வந்து சேரவே இல்லை. மளிகைக்கடைக்காரன் இந்தத் தெருவிலிருந்து போன் வந்தால் மட்டும் சாமானை அரை மணி நேரத்தில் அனுப்பினான், ஏனென்றால் இந்தத் தெருக்காரர்கள் ஒருத்தரும் அவனிடம் தன்மையாகப் பேசியதே இல்லை என்று அவன் நம்பினான்.

ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கம்பி சத்தத்தை அளக்கவில்லை. தெரு நலச் சங்கத்துத் தலைவர் ஆவுடையப்பன், நாற்பது வருஷமாகக் கட்சி மேடைகளில் கைவிரலை நீட்டி, நரம்பு புடைக்க, மைக் அலற அலறப் பேசிப் பெயர் வாங்கியவர், போனை எடுத்து முழங்கினார், முழங்கினார், தொண்டை கட்டும்வரை முழங்கினார், ஒரு எழுத்தும் ஏறவில்லை. அவர் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், ஜாக்கெட் தைத்துப் பிழைக்கும் லீதியாள், பக்கத்தில் நின்று பேசினாலே காதைக் குனிந்து கொடுக்க வேண்டிய அளவுக்கு மெல்லிய குரல்காரி, "நூல்கண்டு ரெண்டு அனுப்புங்க" என்று சொன்னது கடைக்காரனின் காதைச் சுட்டதாக அவனே சொன்னான். அவள் எப்போது பேசினாலும், எதைப் பேசினாலும், ஒரு சொல் விடாமல் போய்ச் சேர்ந்தது. ஆண்கள் அதைப் பற்றி யோசிக்க விரும்பவில்லை. பெண்கள் யோசித்தார்கள், ஆனால் வெளியே சொல்லவில்லை.

தவசிமுத்துவின் குரல் ஏறவே இல்லை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. கரம்பையூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வண்டி நான்கு நிமிஷம் பிந்தியதற்கு டிரைவர் அவரைத் திட்டுவான், நான்கு நிமிஷம் முந்தியதற்குப் பயணி திட்டுவான், இரண்டு பேருக்கும் அவர் "சரிண்ணே" என்பார், நோட்டில் மணியைக் குறிப்பார். தெருவில் அண்ணன் தம்பி பாகத் தகராறா, புருஷன் பெண்டாட்டி அடிதடியா, அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இரு தரப்பையும் கேட்டு, யார் இளைத்தவரோ அவரிடம் திரும்பி, "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்பார். தகராறு தீர்ந்துவிடும். தனக்கும் கோபம் உண்டு என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். பேப்பர் படிக்கும்போது பல்லைக் கடித்திருக்கிறார், மேலதிகாரி முதுகைத் திருப்பியபின் மனசுக்குள் வைதிருக்கிறார். கம்பி அதையெல்லாம் கோபம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் அது என்ன என்று அவர் பல நாள் யோசித்தார். பதில் நல்லதாக வராது என்று தோன்றியதால் யோசிப்பதை நிறுத்தினார்.

அவருக்கு ஒரே மகள், கோமதி. கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம். போன ஆனி மாதம் அவள் ஒரு பையோடு வந்து நின்றாள். "அவரு வேலைக்குப் போகும்போது கதவ வெளிய பூட்டிட்டுப் போறாருப்பா. மாமாவும் அத்தையும் கீழ் வீட்டுல இருந்துகிட்டே சாவி இல்லங்காவ" என்றாள். தவசிமுத்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். "ஊரு கெட்டுக் கெடக்கும்மா. பாதுகாப்புக்குத்தான் பூட்டுவாரு. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றார். மறுநாள் தெரிந்த டிரைவர் வண்டியாகப் பார்த்து, துண்டைப் போட்டு ஜன்னல் ஓரம் இடம் பிடித்து அவளை உட்காரவைத்து, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, வண்டி புறப்பட்ட நேரத்தைத் தன் கையாலேயே நோட்டில் எழுதினார். அவள் செல்போன் ரிப்பேர் ஆகிவிட்டதாக அதற்குப் பிறகு சம்பந்தி குலசேகரன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாமியார் போனிலிருந்து அவள் பிறந்த வீட்டுக்குப் பேசலாம் என்று ஏற்பாடு.

ஐப்பசிக்குப் பிறகு அந்தப் போனும் ஊமையாயிற்று. மணி அடிக்கும், எடுத்தால் ஒன்றும் இருக்காது, மூச்சுச் சத்தம்கூட வராது. தவசிமுத்து பஸ் ஸ்டாண்டிலிருந்து சம்பந்தியைக் கூப்பிட்டு, எங்கள் லைனில் கோளாறு, இருந்தாலும் பிள்ளை கூப்பிடட்டும் என்றார். குலசேகரன் தாராளமாகச் சம்மதித்தார். எதுவும் சொல்ல முடியாத போனில் மருமகள் பேசுவதால் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

இந்த இடத்தில்தான் சுண்ணாம்புக்காரத் தெரு தன் வாழ்நாளின் பெரிய தப்பைச் செய்தது. கட்டிக்கொடுத்த பெண்கள் கூப்பிடும்போது சத்தம் கேட்கவில்லை என்றால் அவர்களுக்குக் கோபம் இல்லை என்று பொருள், கோபம் இல்லை என்றால் குறை இல்லை என்று பொருள், குறை இல்லை என்றால் அதைவிட என்ன வேண்டும் என்று தெரு முடிவு கட்டியது. 'சத்தம் இல்லேன்னா சந்தோஷம்' என்று ஒரு சொலவடையே பிறந்து, முப்பது நாளில் முந்நூறு வருஷத்துச் சொலவடைபோல ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தவசிமுத்து ரிசீவரைக் காதில் வைத்து, அந்த நிசப்தத்தை ஐந்து நிமிஷம் ஆசையாகக் கேட்டு, வைத்துவிட்டு, "நல்லா இருக்கா" என்பார். அவர் மனைவி செண்பகம் டப்பாவைத் திறந்து, அங்கே இருக்கும் எல்லார் வாயிலும் ஒரு சிட்டிகை சீனி போடுவாள். இப்படிப் பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பயமும் அந்தக் கம்பியில் ஏறாது, அழுகையும் ஏறாது என்பது அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாசி மாதம் சுடர்நெட் என்ற கம்பெனியின் ஆள் வந்தான். பெயர் ரூபன், இஸ்திரி கலையாத நீலச் சட்டை, யாரைப் பார்த்தாலும் கைகூப்புகிற பழக்கம். இனிமேல் போன் கம்பியில் வராது, இன்டர்நெட்டில் வரும், கண்ணாடி இழையில் வரும், வீட்டுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, பெட்டியில் நான்கு பச்சை விளக்கு, பழைய போனையே அதில் சொருகிக்கொள்ளலாம் என்றான். ஆவுடையப்பன் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது.

"கரண்டு போனா பேசலாமாய்யா? வயர் போன் கரண்டு போனாலும் பேசும்."

"பேட்டரி இருக்கு சார். நாலு மணி நேரம் தாங்கும்."

"எங்கூருல எட்டு மணி நேரம் போகும்லா."

"அதுக்குத்தான் ஒமக்கு வாய் இருக்கே, வே" என்றார் ஆவுடையப்பன். எல்லாரும் சிரித்தார்கள். "தம்பி, கேக்கவேண்டியத நான் கேக்கேன். சாதாரணமாப் பேசினா கேக்குமா?"

"கொட்டாவி விட்டாக்கூடக் கேக்கும் சார். இரைச்சல் இருந்தா அதுவே வடிகட்டிரும்."

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு மாதமாக அவர் யாரிடமும் போனில் பேசவில்லை. ஒரு நிபந்தனைதான் இருந்தது: நாற்பத்திரண்டு வீடும் கையெழுத்துப் போட்டால்தான் பழைய கம்பியை உருவிவிட்டு அதே குழாயில் புது இழையை விட முடியும், ஒரு வீடு மறுத்தாலும் முடியாது. அதற்கு முன்னால் எட்டு நாள் பரீட்சை. தூணில் தற்காலிகமாக இழையைக் கட்டி ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளைப் பெட்டி வைத்தார்கள், பழைய போன் ஒரு மேஜையில், புதியது ஒரு மேஜையில்.

பரீட்சையின் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. புது எண்ணை முந்தின நாளே சம்பந்தியிடம் சொல்லியிருந்தார்கள். பதினோரு மணிக்குப் புதுப் போன் அடித்தது. கோமதியின் குரல், பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல அத்தனை தெளிவாக, "நல்லா இருக்கேன்ப்பா. அத்தை நல்லாப் பாத்துக்கிடுதாவ" என்றது. தவசிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. செண்பகம் ரிசீவரைப் பிடுங்கி, நான்கு மாதத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"ஏட்டி, இங்க நடக்கிற கூத்தக் கேளு. பழைய போன்ல கோவத்துல பேசினாத்தான் கேக்கும். இல்லேன்னா ஒரு சொல்லும் வராது. நீ இத்தன நாளும் பேசினது ஒண்ணுமே எங்களுக்குக் கேக்கலட்டி. கேக்கலேன்னா நீ சந்தோஷமா இருக்கேன்னு அர்த்தமாம், நான் எல்லார் வாயிலயும் சீனி போடுதேன், உங்கப்பாவும் திங்காவ!"

அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் சிரிப்பது கேட்டது. "நல்ல ஊரு உங்க ஊரு, மைனி!"

கோமதி, "கோவத்துல பேசினா மட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

"கோவத்துல மட்டுந்தான்."

"சரிம்மா" என்றாள்.

அன்று மத்தியானம் தவசிமுத்து வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்துக்காக அவர் தன்னைப் பின்னால் மன்னிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பரீட்சையின் கடைசி நாள், பதினோரு மணிக்கு அவர் புதுப் போனின் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அடித்தது பழைய போன். தெரியாமல் பழைய எண்ணைச் சுற்றிவிட்டாள் என்று எழுந்துபோய், பதினாறு வாரத்துப் பழக்கத்தில், நிசப்தத்தைக் கேட்கக் காதைத் தயார் செய்துகொண்டு எடுத்தார்.

"நல்லா இருக்கேன்ப்பா" என்றாள் கோமதி.

கேட்டது. ஒரு எழுத்து சிதையாமல் கேட்டது. போன வாரம் புதுப் போனில் சொன்ன அதே சொற்கள், அதே வரிசை, குரலும் உயரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியார் காதில் அது மரியாதையான மருமகளின் பேச்சாகவே விழுந்திருக்கும். "அத்தை நல்லாப் பாத்துக்கிடுதாவ. அவரும் நல்லாப் பாத்துக்கிடுதாரு. எனக்கு ஒரு குறையும் இல்ல." ஒவ்வொன்றும் கேட்டது. ஒவ்வொரு சொல்லாகக் கேட்கக் கேட்கத் தவசிமுத்து ரிசீவரைக் காதோடு அழுத்தினார். சீனி டப்பாவோடு வந்த செண்பகம் அவர் முகத்தைப் பார்த்தாள், ரிசீவரில் காதை வைத்தாள், "எனக்கு ஒரு குறையும் இல்லப்பா" என்பதைக் கேட்டாள், "ஏட்டி கோமதி, என் தாயி" என்று அலறினாள். அழுகை ஏறவில்லை. தவசிமுத்து "அம்மா, அம்மா" என்றார். பயமும் ஏறவில்லை. "சரிப்பா, வைக்கட்டா" என்றாள் கோமதி, அதுவும் கேட்டது, வைத்துவிட்டாள்.

செண்பகம் வெளியே போய்ச் சீனி டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அதைப் பார்த்துத்தான் தெரு கூடியது.

நடந்ததைக் கேட்ட ஆவுடையப்பன், "வே, பதறாதேயும். ஒரு அதட்டு அதட்டினா சம்பந்தி அடங்கிருவான். உமக்கு அதட்டத் தெரியணும், அவ்வளவுதான்" என்று சொல்லி, அதட்டல் கம்பியில் ஏறுகிறதா என்று பார்க்க அவரைப் பழைய போனின் முன்னால் நிறுத்தினார். "நெஞ்ச நிமித்தும். கண்ண மூடும். உம்ம எதிரிய நெனையும்."

"எனக்கு எதிரின்னு யாரும் இல்லையே அண்ணாச்சி."

"அட சவமே. அப்ப கத்தவாவது செய்யும். எதுத்த வீட்டுக்கு அடிச்சுப் பாப்போம்."

லீதியாள் வீட்டு எண்ணைச் சுழற்றினார்கள். தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டு, "ஏய்! நாசமாப் போறவனே! என் பிள்ளைய என்னடா நெனச்ச!" என்று வீடே அதிரக் கத்தினார். லீதியாள் எதிர்வாசலுக்கு வந்து நின்றாள். "வாசல் வழியாக் கேட்டுது. போன்ல ஒண்ணும் வரல" என்றாள். ஆண்கள் தலையைச் சொறிந்தார்கள். இரண்டாம் முறை கத்தினார். மூன்றாம் முறை இருமல் வந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்போமே" என்றார் தவசிமுத்து.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் செண்பகம்.

கூட்டம் கலைந்தது. கலைந்த சற்று நேரத்தில் பழைய போன் அடித்தது. எடுத்தார். லீதியாள். தெருவைக் கடந்து வந்தே சொல்லியிருக்கலாம். அவள் போனில் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள்.

"தவசியண்ணே, பதிமூணு வருஷத்துக்கு முன்னால என் வீட்டுக்காரன் என் கைய ஒடிச்சப்போ நீங்கதான் வந்து பேசுனிய. ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சிய. 'குடிச்சிருந்தான், தெரியாமப் பண்ணிட்டான், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா'ன்னிய. தெருவெல்லாம் உங்களப் புகழ்ந்துச்சு. எனக்குக் கை இன்னும் நேரா வரல. மிஷின்ல உக்காந்து துணிய இழுக்கும்போதெல்லாம் ஒரு மூஞ்சி வருது. அவன் மூஞ்சி வரல, அண்ணே. உங்க மூஞ்சிதான் வருது. நான் தண்ணி குடுத்தேன் பாத்தியளா, அத நெனச்சாத்தான் எனக்கு ஆறல."

எதையோ சொல்ல அவர் வாயைத் திறந்தார். அது போய்ச் சேராது என்று அவருக்கே தெரிந்தது. அவள் வைத்துவிட்டாள்.

அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். லீதியாள் ஒன்று. மேலவீட்டு முத்துலட்சுமி. பாறையடியில் இருந்த பூக்காரியின் மகள், அவள் பிறகு மருந்தைக் குடித்தாள், அதற்கும் விதி என்று ஒரு பெயர் வைத்தார். ஏழு பேர் வந்தார்கள். ஏழு வீட்டில் ஏழு செம்புத் தண்ணீர். எல்லாரிடமும் ஒரே வாக்கியம், அதுவும் அடித்தவனைப் பார்த்துச் சொன்னதில்லை, அடிபட்டவளைப் பார்த்து மட்டும். ஏன்? அடிபட்டவள் திருப்பி அடிக்க மாட்டாள் என்பதால். இதற்குத்தான் பொறுமைசாலி என்று பெயர் வாங்கினோமா? எட்டாவதாகத் தன் வயிற்றில் பிறந்ததையே துண்டு போட்டு இடம் பிடித்து அனுப்பிவைத்தோமே, அன்றைக்கு அவள் ஜன்னலில் இருந்து திரும்பிப் பார்த்தாளா, பார்க்கவில்லையா? நினைவு இல்லை. அவர் நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டிருந்தார்.

விடிந்தது. ஒன்பது மணிக்கு ரூபனும் ஆவுடையப்பனும் வந்தார்கள். தாளில் நாற்பத்தோரு கையெழுத்து இருந்தது. லீதியாள்கூடப் போட்டிருந்தாள், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டவளாக. தெருமுனையில் கம்பியை உருவ நான்கு பேர் கடப்பாரையோடு நின்றார்கள்.

"வே, ஒரு கையெழுத்து" என்றார் ஆவுடையப்பன். "நேத்து நடந்தத மனசுல வச்சுக்காதேயும். எளவெடுத்த கம்பி போனாத்தான் தெருவுக்கு நல்லது."

"புதுசுல எல்லாமே கேக்கும் சார்" என்றான் ரூபன், கைகூப்பி. "கோவமும் ஒண்ணுதான், சாந்தமும் ஒண்ணுதான். நிம்மதியா இருக்கலாம்."

தவசிமுத்து வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அது பொய் சொல்லவில்லை, மகள் சொன்னதைச் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தது. அதைக் கேட்டு அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். வயிறாரச் சாப்பிட்டார். தூங்கினார். அந்த நிம்மதி என்ற சொல் அவருக்குள் எங்கோ போய் விழுந்தது. அடிவயிற்றில் ஒரு கல் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. அது புதிதாக வந்த கல்லாகவும் தெரியவில்லை. எழுந்துபோய்ப் பழைய போனை எடுத்தார். கோயமுத்தூர் எண்ணைச் சுழற்றினார். எதிர்ப்பக்கம் எடுக்கப்பட்ட ஓசை மட்டும் வந்தது, ஹலோ வரவில்லை.

"தவசிமுத்து பேசுதேன்" என்றார். குரல் உயரவில்லை. "கோமதியக் கூப்பிடும்."

சம்பந்தி என்று அழைக்காமல் அவர் அந்த ஆளிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. நிசப்தம். அங்கே குலசேகரன் வழக்கம்போலக் கனிவாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், பிள்ளை குளிக்கிறாள், பிள்ளை கோயிலுக்குப் போயிருக்கிறாள், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்.

"நீர் சொல்லுதது எனக்குக் கேக்கல. கேக்கவும் வேண்டாம். மேல் வீட்டுப் பூட்டத் திறந்து பிள்ளை கையில போனக் குடும். இல்லேன்னா போலீச நான் கூட்டிட்டு வந்து திறக்கச் சொல்லுவேன். உம்ம தெருவு பாக்கத் திறக்கச் சொல்லுவேன்."

"என்னவே பேசுதீரு!" என்று வெடித்தது கம்பி. இரண்டு வருஷத்தில் குலசேகரனின் சொந்தக் குரலை அவர் கேட்பது அப்போதுதான். "பொட்டப்பிள்ளைய ஒழுக்கமா வளத்தா நாங்க ஏன்வே பூட்டுதோம்? பொண்ணக் குடுத்த நாயி, வாலச் சுருட்டிக்கிட்டுக் கெட!"

"இப்பத்தான் உம்ம குரலு கேக்குது" என்றார் தவசிமுத்து. "இதக் கேக்கத்தான் இத்தன நாளாச்சு. போனக் குடும்."

பின்னால் ஆவுடையப்பன் வாயைத் திறந்தபடி நின்றார். செண்பகம் அறையிலிருந்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பியில் வசவு மேலே மேலே வந்தது, பிறகு பூட்டைத் திறந்து போன் கைமாறும் அளவுக்கு ஓர் இடைவெளி, பிறகு கனமான மூச்சு. மூச்சே கேட்டது.

"இப்பத்தான் கேக்குதா உங்களுக்கு?" என்றாள் கோமதி.

"இப்பத்தான்" என்றார்.

"பதினாறு வாரம் அழுதேன்ப்பா. அத்தை பாத்திரம் கழுவப் போற அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் சொன்னேன். மறுவாரம் மறுபடியும் சொன்னேன். நீங்க ஒரு வார்த்த பேசல. சீனி தின்னியளாமே. அம்மா சொன்னா. தின்னியளா?"

"தின்னேன்."

"நல்லா இருந்துச்சா?"

அவள் நிறுத்தவில்லை. பூட்டைச் சொன்னாள், சாப்பாட்டைச் சொன்னாள், கையில் கிடக்கும் தழும்பைச் சொன்னாள், நீங்கள் அன்றைக்கு ஒரு தடவை அந்தக் கதவு எப்படிப் பூட்டும் என்றாவது கேட்டீர்களா என்றாள், தகப்பனா டைம் கீப்பரா என்றாள், அம்மாவையும் விடவில்லை, பெற்ற வீட்டில் ஒருத்தரையும் விடவில்லை. அவர் நின்றபடியே கேட்டார், ஒரு சொல்லையும் தடுக்காமல், ஒன்றுக்கும் சமாதானம் சொல்லாமல். தாளையும் பேனாவையும் நீட்டியபடி நின்ற ரூபன் எப்போது கையைக் கீழே போட்டான் என்று யாரும் கவனிக்கவில்லை.

"வாரேன்" என்றார் கடைசியில். "இப்பவே வாரேன்."

"வாங்க. ஆனா வரும்போது வாசல்ல நின்னு கும்பிடு போடாதிய. செருப்பக் கழத்தாதிய. உக்காருங்கன்னா உக்காராதிய. நேரா மேல வாங்க."

போனை அவள்தான் முதலில் வைத்தாள். அவர் திரும்பிப் பார்த்தபோது செண்பகம் கதவருகே இல்லை. தெருவில் இறங்கி, கடப்பாரைக்காரர்களையும் தாண்டி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து விறுவிறு என்று போய்க்கொண்டிருந்தாள், அவளை எட்டிப் பிடிக்க அவர் ஓட வேண்டியிருந்தது.